ஏழுக்கு நாலு

2025 மார்ச் 30ஆம் திகதி நோன்பு இருபத்தொன்பது. மஃரிப் தொழுதுவிட்டு பன்வில கடைவீதியில் நின்றவர்கள் எல்லோரும் ஒரு செய்திக்காகக் காத்திருந்தார்கள். நாளை பெருநாளா, இல்லையா? எங்கள் ஊரில் பிறை தென்படுவது அரிது. நக்கிள்ஸ் மலையில் அந்த நேரத்தில் முகில் இறங்கிவிடும். கொழும்புப் பெரிய பள்ளிவாசலில் இருந்து வரும் அறிவித்தலைத்தான் வானொலியில் கேட்டுக்கொள்வோம்.

எங்கள் வீட்டில் மட்டும் அன்று இன்னொரு செய்திக்கும் காத்திருப்பு. என் தங்கச்சியின் மகன் அமெரிக்காவில் மென்பொருள் பொறியியலாளன். அங்கே தொடர்ந்து வேலை செய்ய வேண்டுமானால் எச்-1பி என்ற விசா வேண்டும். அதற்குச் சீட்டிழுப்பு உண்டு. பெறுபேறு மார்ச் 31ஆம் திகதிக்குள் வரும் என்று சொல்லியிருந்தார்கள். பிறை தென்பட்டது என்ற அறிவித்தல் வந்தது, தக்பீர் முழங்கியது. தங்கச்சி வட்டிலப்பத்துக்குத் தேங்காய் துருவிக்கொண்டே கைத்தொலைபேசியைப் பார்த்தபடி இருந்தாள். இரவு பதினொரு மணிக்கு அவன் பேசினான்.

"இன்னம் அப்பிடியேதான் ஈக்கிது மாமா. 'சமர்ப்பிக்கப்பட்டது' என்டு மட்டும் காட்டுது."

ஆம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. இந்த இடைநிலையை நான் முன்பும் கண்டிருக்கிறேன். இதே கடைவீதியில், இதே வீட்டில். அந்தப் பழைய காத்திருப்பின் வரலாற்றை எழுதிவைக்க வேண்டும் என்ற எண்ணம் அன்றிரவுதான் வந்தது.

*

பன்வில கண்டிக்கு வடகிழக்கே, வத்தேகம தாண்டி மலையேறும் பாதையில் இருக்கிறது. மேலே ஹுலுகங்கை, மடுல்கலை, கோமரை, கலபொக்கை என்று தோட்டங்கள். கோப்பிக் காலத்திலிருந்தே தமிழ்நாட்டு உழைப்பாளர்கள் வந்து நிறைந்த பகுதி இது. 1869இல் இலை நோய் கண்டு கோப்பி அழிந்தபின் தேயிலை வந்தது. உழைப்பாளர்கள் அதே லயங்களில் இருந்தார்கள்.

கடல் கடந்து வந்த அந்த மக்களின் வாழ்க்கை தொடக்கத்திலிருந்தே சீட்டுகளால் ஆனதுதான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தவர்களின் கழுத்தில் தகரத் துண்டு ஒன்று தொங்கியது. எந்தத் தோட்டத்துக்குப் போகிறவர் என்பதற்கு அதுவே அடையாளம். தோட்டம் மாற வேண்டுமானால் இன்னொரு 'துண்டு' வேண்டும். கங்காணிக்குக் கொடுக்கவேண்டிய கடன் எவ்வளவு, அதைக் கட்டினால் ஆளை விடுவோம் என்று துரை எழுதித் தரும் கடதாசி அது. கடனோடு ஆளும் கைமாறினார். 1921இல்தான் அந்தத் துண்டு முறை சட்டப்படி ஒழிந்தது.

தோட்டங்கள் இருந்த இடமெல்லாம் கடைகளும் வந்தன. கீழக்கரை, காயல்பட்டினம், அதிராம்பட்டினம் போன்ற ஊர்களிலிருந்து வந்த முஸ்லிம்கள் மலையகத்துச் சந்திகளில் கடை வைத்தார்கள். வாப்பாவின் வாப்பாவை நாங்கள் 'அப்பா' என்போம். அவர் கீழக்கரையிலிருந்து 1926இல் இங்கு வந்தார். அரிசி, கருவாடு, புகையிலை, சீத்தைத் துணி எல்லாம் விற்ற கடை. தோட்டத்தில் சம்பளம் போடும்வரை கடன். ஒவ்வொரு குடும்பத்துக்கும் கொப்பியில் ஒரு பக்கம்.

அப்பா எல்லாக் கடைக்காரர்களையும் போலவே வாழ்ந்தார். மனைவி கீழக்கரையில், வியாபாரம் பன்விலையில். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மூன்று, நான்கு மாதம் ஊருக்குப் போய் வருவார். பிள்ளை பன்னிரண்டு வயதாகும்போது கடைக்குக் கூட்டி வந்துவிடுவார். என் வாப்பா 1943இல் அப்படித்தான் வந்தார். அந்த வாழ்க்கை முறையே பின்னாளில் குற்றமாகும் என்று அவர்கள் யாரும் நினைத்திருக்க முடியாது.

*

1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸின் ஏழு பேர் நாடாளுமன்றம் சென்றார்கள். எழுத்தாளர் ஸி.வி. வேலுப்பிள்ளையும் அவர்களில் ஒருவர். அடுத்த ஆண்டு சுதந்திரம் வந்தது. அதே ஆண்டில் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டமும் வந்தது. நவம்பர் 15இல் அது நடைமுறைக்கு வந்தது. அதன்படி இங்கே பிறந்திருந்தால் மட்டும் போதாது. தகப்பனும் இங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது தகப்பன் வழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். பூட்டன் பிறந்த காலத்தில் பிறப்புப் பதிவு என்பதே ஒழுங்காக இருக்கவில்லை. கடதாசி இல்லாதவர்களிடம் கடதாசி கேட்ட சட்டம் இது.

மறு ஆண்டு இன்னொரு சட்டம். பெயர் நீளமானது: இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் (பிரஜாவுரிமை) சட்டம், 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கம். வம்சாவழியால் பிரஜையாக முடியாதவர் இதன்கீழ் விண்ணப்பிக்கலாம். 1946 ஜனவரி முதலாம் திகதிக்கு முன்னர், திருமணமானவர் ஏழு வருடம், ஆகாதவர் பத்து வருடம் இடைவிடாது இங்கு வசித்திருக்க வேண்டும். தகுந்த வருமானம் வேண்டும். இவற்றோடு, திருமணமானவரின் மனைவியும் பிள்ளைகளும்கூட இங்கேயே வசித்திருக்க வேண்டும். அதே 1949இல் தேர்தல் சட்டமும் திருத்தப்பட்டது. பிரஜை அல்லாதவருக்கு வாக்கு இல்லை என்றானது.

விண்ணப்பிக்க இரண்டு வருட அவகாசம். 1951 ஓகஸ்ட் 5ஆம் திகதியோடு அது முடிந்தது. முதலில் காங்கிரஸ் இச்சட்டத்தைப் பகிஷ்கரித்தது. இறுதி மாதங்களில்தான் விண்ணப்பியுங்கள் என்றது. ஆகவே கடைசி நேரத்தில் எங்கும் நெரிசல். சுமார் 237,000 விண்ணப்பங்கள். அவற்றுக்குள் எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட மனிதர்கள். எங்கள் கடைத் திண்ணையில் பெற்றோமாக்ஸ் வெளிச்சத்தில் இரவிரவாக மனு எழுதியதாக வாப்பா சொல்லுவார். எழுதத் தெரிந்தவர்கள் அன்று குறைவு. தோட்டத்துச் செக்ரோலில் ஒரு பெயர், பிறப்புச் சான்றிதழில் இன்னொரு பெயர், வீட்டில் கூப்பிடுவது வேறொரு பெயர். மூன்றும் ஒரே ஆள்தான் என்று நிரூபிப்பதே பெரும் வேலை. அந்த மனுக்களின் நடுவே அப்பாவின் மனுவும் போனது. இருபது வயதான வாப்பாவின் பெயரும் அதில்தான் இருந்தது.

இச்சட்டங்களை நீதிமன்றத்திலும் எதிர்த்துப் பார்த்தார்கள். கோடகன் பிள்ளை என்பவரின் பெயர் வாக்காளர் இடாப்பில் மறுக்கப்பட்டதில் எழுந்த வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று 1953இல் தோற்றது. 1952இல் சத்தியாக்கிரகம் நடந்தது. அதுவும் சட்டத்தை அசைக்கவில்லை.

அப்பா ஆறு வருடம் காத்திருந்தார். தபாற்காரர் வரும் நேரத்தில் கடைக்கு வெளியே வந்து நிற்பது அவரது பழக்கமாகிவிட்டதாம். 1957இல் விசாரணைக்கு அழைத்தார்கள். அவருடைய முப்பது வருட வாசத்தைப் பற்றி யாரும் சந்தேகப்படவில்லை. மனைவி எங்கே என்று கேட்டார்கள். கீழக்கரையில் என்றார். மனு அங்கேயே முடிந்துவிட்டது.

அப்பா மட்டுமல்ல, குடும்பத்தை ஊரில் விட்டு வியாபாரம் செய்த பலருக்கும் இந்த நிபந்தனை சுருக்குக் கயிறானது. சிலர் இந்தியக் கடவுச்சீட்டு எடுத்து, தற்காலிக வதிவிட அனுமதியில் காலம் தள்ளிவிட்டு ஊர் திரும்பினார்கள். மலையகத்துச் சந்திகளில் பல கடைகள் கைமாறியது அப்போதுதான். அப்பா எதையும் எடுக்கவில்லை. எடுத்தால் ஒருநாள் போகவேண்டி வரும் என்று பயந்தார். 1962இல் மௌத்தானார். பன்வில மையவாடியில்தான் கிடக்கிறார். மண் அவரிடம் கடதாசி கேட்கவில்லை.

1949ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் 1964 வரை பிரஜாவுரிமை பெற்றவர்கள் சுமார் 134,000 பேர்தான். விண்ணப்பத்துக்குள் இருந்த ஆறு பேரில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளலாம்.

*

வாப்பா 1956இல் மடவளையில் கலியாணம் முடித்தார். உம்மா வம்சாவழிப் பிரஜை. ஆனால் அன்றைய சட்டத்தில் பிரஜாவுரிமை தகப்பன் வழியாக மட்டுமே இறங்கியது. தாய்வழியாகவும் இறங்கலாம் என்று சட்டம் திருந்தியது 2003இல். ஆகவே இந்த மண்ணில் பிறந்த நானா, நான், தங்கச்சி மூவரும் எந்த நாட்டுக்கும் உரியவர்கள் அல்லர். கடையின் உறுதியை உம்மாவின் பேரில் எழுதி வைத்தார்கள். ஒரு வீட்டில் ஒருவருக்கு மட்டும் நாடு இருந்தது.

1964 ஒக்டோபர் 30ஆம் திகதி பிரதமர்கள் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். நாடற்றவர்கள் 975,000 பேர் என்று கணக்கிட்டு, 525,000 பேரை இந்தியா ஏற்பது, 300,000 பேருக்கு இலங்கை பிரஜாவுரிமை வழங்குவது, மீதி 150,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசுவது என்று தீர்மானித்தார்கள். அந்த மீதியை 1974 ஜனவரியில் சிறிமாவும் இந்திரா காந்தியும் ஆளுக்கு 75,000 என்று பிரித்துக்கொண்டார்கள். எந்தக் கட்டத்திலும் அந்த மக்களிடம் யாரும் கேட்கவில்லை.

ஒப்பந்தத்தின் உள்ளே இன்னொரு கணக்கு இருந்தது. 525க்கு 300 என்பதைச் சுருக்கினால் ஏழுக்கு நாலு. இரண்டு தரப்பும் அந்த விகிதத்திலேயே முன்செல்ல வேண்டும் என்பது ஏற்பாடு. 1967ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தின்படி, ஏழு பேர் இந்தியப் பிரஜைகளாகப் பதியப்பட்டால் இங்கே நாலு பேரைப் பதியலாம். 1971இல் சட்டத்தைத் திருத்தி, பதிந்தால் போதாது, ஏழு பேர் உண்மையில் நாட்டைவிட்டுப் போனால்தான் நாலு பேருக்கு என்று இறுக்கினார்கள்.

வாப்பா 1969இல் மனுப் போட்டார். 1970 ஏப்ரல் 30 கடைசித் திகதி. இலங்கைப் பிரஜாவுரிமை கேட்டவர்கள் ஒதுக்கிய தொகையைவிட மிக அதிகம். இந்தியப் பிரஜாவுரிமை கேட்டவர்களோ 525,000ஐ எட்டவில்லை. எதைக் கேட்டாலும் அனுப்பும் தொகை மாறாது என்பதால் காத்திருப்பு நீண்டது.

எனக்கு அப்போது பத்து, பன்னிரண்டு வயது. "ஏழு போனாத்தான் நாலு" என்று பெரியவர்கள் கடையில் பேசுவது காதில் விழும். ஏதோ வியாபாரக் கணக்கு என்றுதான் நினைத்தேன்.

1973இல் உணவுப் பஞ்சம். தோட்டங்களில் பட்டினி. பலர் இந்தியாவுக்குப் போய்விடுவோம் என்று முடிவெடுத்தது அந்தப் பசியில்தான். கண்டியில் இருந்த இந்திய உதவி உயர் ஸ்தானிகராலயத்துக்குக் கடவுச்சீட்டு விஷயமாகப் போகிறவர்கள் விடியற்காலையில் எங்கள் கடைக்கு முன்னால்தான் பஸ் ஏறுவார்கள். கண்டியில் கோச்சி ஏறினால் தலைமன்னார். அங்கிருந்து கப்பலில் இராமேஸ்வரம். பிறகு மண்டபம் முகாம். ஒப்பந்தம் கையெழுத்தாகி இரண்டு மாதத்துக்குள், 1964 டிசெம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்திருந்தது. பாட்டன்மார் வந்த பாதையில் பேரர்களால் திரும்பிப் போகக்கூட முடியவில்லை.

கோமரையிலிருந்து ஒரு குடும்பம் எங்களிடம் மூன்று தலைமுறையாகக் கடன் வாங்கியது. புருஷன், பெண்சாதி, மூன்று பிள்ளைகள். மூத்தவன் என்னோடு படித்தவன். போவதற்கு முதல் நாள் அந்த அம்மா கடைக்கு வந்தார்.

"கணக்க முடிச்சிருங்க முதலாளி. கடன வச்சிட்டுப் போகக் கூடாது."

43 ரூபா இருந்தது. மடியிலிருந்து ஒரு வெள்ளித் தோட்டை எடுத்து மேசையில் வைத்தார். வாப்பா அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கொப்பியில் அந்தப் பக்கத்துக்குக் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். "முடிஞ்சிட்டு" என்றார். அந்த அம்மா போனபின் வெகு நேரம் யாரோடும் பேசவில்லை. அவருடைய தயாள குணம் என்றே நான் நினைத்திருந்தேன்.

1977இல் எங்களுக்குப் பதிவுச் சான்றிதழ் வந்தது. வாப்பா, நானா, நான், தங்கச்சி. நாலு பேர். அந்தச் சான்றிதழைக் காட்டித்தான் நான் ஆசிரியரானேன். அன்று உம்மா பாயாசம் காய்ச்சினார். வாப்பா சான்றிதழைப் பார்த்துவிட்டு, கொப்பியை எடுத்து அந்தக் கோடு இழுத்த பக்கத்தைத் திறந்தார். அப்போதுதான் எனக்கு ஏழுக்கு நாலு என்ற கணக்கு விளங்கியது.

*

மருமகனின் கதைக்கு வருகிறேன். எச்-1பி விசா 1990ஆம் ஆண்டின் அமெரிக்கக் குடிவரவுச் சட்டத்தால் வந்தது. பட்டம் பெற்ற தொழில்திறனாளருக்கானது. வருடத்துக்கு 65,000. இடையில் சில வருடங்கள் 195,000 வரை கூடி, 2004இல் பழைய எண்ணுக்கே திரும்பியது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் முதுமாணிப் பட்டம் பெற்றவர்களுக்கென மேலும் 20,000 சேர்த்தார்கள். 2007 ஏப்ரலில், விண்ணப்பம் ஏற்கத் தொடங்கிய உடனேயே வரம்பு நிறைந்துவிட்டதால் கணினியில் சீட்டிழுத்தார்கள். 2013 முதல் அது ஒவ்வொரு வருடமும் நடக்கிறது. 2020 முதல் விண்ணப்பத்துக்கு முன் மின்பதிவு. அதற்குப் பத்து டொலர் கட்டணம். 2025இல் அது 215 டொலரானது.

அவன் பேராதனையில் பொறியியல் படித்து, அமெரிக்காவில் முதுமாணி முடித்தவன். படிப்புச் செலவுக்கு உம்மா விட்டுச்சென்ற அந்தக் கடை உறுதியைத்தான் தங்கச்சி வங்கியில் ஈடு வைத்தாள். படிப்பு முடித்தவர்கள் அவனுடைய துறையில் மூன்று வருடம் வேலை செய்யலாம். ஆகவே அவனுக்கு மூன்று மார்ச் மாதங்கள் கிடைத்தன. முதல் மார்ச், 2023: தகுதியான பதிவுகள் 758,994. தெரிவானவை 188,400. பல கொம்பனிகள் ஒரே ஆளைப் பலமுறை பதிந்த வருடம் அது. அடுத்த வருடம் ஓர் ஆளுக்கு ஒரு வாய்ப்பு என்று மாற்றினார்கள்: 470,342 பதிவுகள், தெரிவு 135,137. 2025இல் 343,981 பதிவுகள், தெரிவு 120,141. மூன்று முறையும் அவனுடைய இலக்கம் விழவில்லை.

மார்ச் 31க்குப் பின்னும் 'சமர்ப்பிக்கப்பட்டது' என்றே காட்டியதற்குக் காரணம் உண்டு. தெரிவானவர்கள் சிலர் விலகினால் மீண்டும் இழுப்பார்கள். ஆகவே இல்லை என்று சொல்லமாட்டார்கள். ஜூலை 18ஆம் திகதிதான் அந்த வருட வரம்பு நிறைந்துவிட்டது என்று அறிவித்தார்கள். நாலு மாதம் தங்கச்சி சரியாகத் தூங்கவில்லை. "நஸீப் இல்லை" என்றாள். ஊரில் எல்லோரும் அதையே சொன்னார்கள்.

எனக்கு அந்தச் சொல் தொண்டையில் சிக்கியது. அப்பாவின் மனு தள்ளுண்டபோதும் நஸீப் என்றார்களாம். கோமரைக் குடும்பம் கோச்சி ஏறியபோது அவர்களும் தலையெழுத்து என்றார்கள். ஆனால் 65,000 என்ற எண்ணையும் ஏழுக்கு நாலு என்ற விகிதத்தையும் யாரோ சிலர் மேசையைச் சுற்றி இருந்துதான் எழுதினார்கள். எழுதியதை மாற்றவும் முடியும். 2025 செப்டெம்பரில் ஜனாதிபதிப் பிரகடனம் ஒன்றின் மூலம், அமெரிக்காவுக்கு வெளியே இருப்பவர்களுக்கான புதிய எச்-1பி விண்ணப்பங்களுக்கு 100,000 டொலர் என்றார்கள். அவ்வருட டிசெம்பரில் வெளியான விதி, சம்பளப் படி உயர்ந்தவருக்குச் சீட்டிழுப்பில் கூடிய வாய்ப்பு என்றது. நஸீப் இப்படி வருடத்துக்கு ஒருமுறை திருத்தப்படுவதில்லை.

இரண்டையும் ஒன்றாக்கவும் நான் விரும்பவில்லை. மருமகன் விரும்பிப் போனவன். இல்லை என்றால் திரும்பிவர அவனுக்கு ஒரு நாடும் வீடும் உண்டு. அந்த மக்களோ தாம் பிறந்த இடத்தில் இருப்பதற்கே மனுப் போட்டார்கள். இன்னொரு வித்தியாசமும் உண்டு. கணினி யாரையும் அவமதிப்பதில்லை. மனைவி எங்கே, பூட்டன் எங்கே என்று கேட்பதில்லை. அப்பாவின் காலத்தில் மறுப்புக்குக் காரணம் சொன்னார்கள். அந்தக் காரணமே மனிதனைச் சிறுமைப்படுத்தியது. ஆனால் இரண்டிலும் பொதுவாக ஒன்று இருக்கிறது. ஒருவர் உள்ளே போவதற்கு இன்னொருவர் வெளியே நிற்க வேண்டும். அந்த இன்னொருவரின் முகத்தைக் கணக்கு நமக்குக் காட்டுவதில்லை.

மலையகத்தின் கணக்கு வெகு காலம் இழுபட்டது. ஒப்பந்தத்தின் காலம் 1981இல் முடிந்தது. 1984இல் கப்பல் நின்றது. மீதியிருந்த சுமார் 94,000 பேருக்கு இலங்கைப் பிரஜாவுரிமை வழங்க 1986இல் ஒரு சட்டம், 1988இல் இன்னொன்று, 2003இல் மற்றொன்று. 1948இல் தொடங்கியது ஐம்பத்தைந்து வருடம் சென்றது. பூட்டன் தொடங்கிய வரிசையைப் பேரன் முடித்துவைத்தான்.

*

மருமகன் ஓகஸ்டில் வந்துவிட்டான். இப்போது கண்டியில் இருந்துகொண்டே ஒரு கொம்பனிக்கு வேலை செய்கிறான். கடை உறுதி இன்னும் வங்கியில்தான்.

வந்த கிழமை, பழைய அலுமாரியிலிருந்த கொப்பியை அவனுக்குக் காட்டினேன். அப்பாவின் கதையையும் வாப்பாவின் கதையையும் சொன்னேன். அமெரிக்க நிரந்தர வதிவிடத்துக்குப் பிறந்த நாட்டின்படி வரிசை என்றும், இந்தியாவில் பிறந்தவர்களின் வரிசை மிக நீளம் என்றும் அவன்தான் எனக்குச் சொன்னான். அப்பா கீழக்கரையிலேயே இருந்திருந்தால் அவன் அந்த வரிசையில் நின்றிருப்பான். கப்பலேறிய குடும்பங்கள் பல நீலகிரிக்குப் போய், அங்கும் தேயிலைத் தோட்டங்களிலேயே வேலை செய்தன. அவற்றின் பேரப்பிள்ளைகள் எவராவது பொறியியல் படித்திருந்தால், இன்று அந்த வரிசையில்தான் நிற்பார்கள்.

அவன் கோடு இழுத்த பக்கத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"மாமா, நம்மட வீட்டுக்கு நாலு பேர் கிடைச்சாங்க. அப்ப ஏழு பேர் போயிருக்கணுமே. இதுல அஞ்சு பேர்தானே ஈக்கிறாங்க?"

"ஓம். அஞ்சு பேர்" என்றேன்.

மற்ற இரண்டு பேர் யார் என்று எனக்குத் தெரியாது. கொப்பியில் கோடு இழுத்த பக்கங்கள் இன்னும் பல இருக்கின்றன.